நோன்பு மாதத்தில் பிள்ளைகளின் கைபேசி நேரத்தைக் குறைப்பது எப்படி?

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் மார்ச் மாத வெயிலில் பள்ளிக்கூடம் போய்விட்டு, நாக்கு வறண்டு வீட்டுக்கு வருகிறான். வீட்டில் யாரும் இல்லை. அடுப்படியில் குளிர்ந்த தண்ணீர்ப் பானை இருக்கிறது. ஒரு மிடறு குடித்தாலும் யாருக்கும் தெரியாது; ஆனாலும் அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே பையனால், மாலை நேர அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, கையிலுள்ள கைபேசியை இருபது நிமிடம் கீழே வைக்க முடிவதில்லை. இதைப் பார்க்கும் பெற்றோர் பலர் பிள்ளைக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பதின்மூன்று மணி நேரம் தண்ணீரைத் தொடாமல் இருப்பவனைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தண்ணீரை விடுவதற்கு அவனுக்குத் துணைகள் இருக்கின்றன. நிய்யத் (நோன்பு வைக்கும் எண்ணம்) இருக்கிறது. நோன்பு எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது நிமிடக் கணக்கில் தெரியும். வீடு முழுவதும், தெரு முழுவதும் அவனோடு சேர்ந்து பசித்திருக்கிறது. முடிவில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் காத்திருக்கின்றன. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் நோன்பைக் கடமையாக்கிய கையோடு, அடுத்த வசனத்திலேயே அவை எண்ணிக்கைக்குட்பட்ட நாட்கள்தாம் என்று ஆறுதலும் சொல்லிவிடுகிறது. சற்றுத் தள்ளி, வெள்ளை நூல் கருப்பு நூலிலிருந்து தெளிவாகும்வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்று எல்லைக்கோட்டையும் காட்டிவிடுகிறது. கைபேசி விஷயத்தில் நாம் பிள்ளைக்குக் கொடுப்பது என்ன? "எப்பப் பார்த்தாலும் போனா?" என்ற அதட்டல் ஒன்றுதான். அதில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, கூட்டும் இல்லை, காத்திருக்கும் கஞ்சியும் இல்லை. ஆகவே, நோன்பு எந்த அமைப்பினால் நிற்கிறதோ அதே அமைப்பைக் கைபேசிக்கும் கட்டிக் கொடுப்பதே பயன் தரும் வழி என்பது, மூன்று ரமழான்களை மகனோடும் மகளோடும் கடந்துவந்த ஒரு தாயாக நான் கண்டது. அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

ஷஅபானிலேயே பேசிவிடுங்கள்

முதல் ஆண்டு நான் செய்த தவறு, தலைப்பிறை கண்ட இரவில் மகனின் கைபேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியது. நான்காம் நோன்பன்று அவன் தராவீஹ் என்ற ரமழான் இரவுத் தொழுகையின் பின்வரிசையில், நண்பனின் கைபேசியோடு உட்கார்ந்திருந்ததாகத் தெரிய வந்தது. பூட்டு வேலை செய்தது. ஆனால் பிள்ளை என்னை விட்டுத் தள்ளிப் போய்விட்டான். அதற்கு அடுத்த ஆண்டு, பிறை தெரிவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே, ரமழானுக்கு முந்திய ஷஅபான் மாதத்தில், இருவரையும் உட்காரவைத்துப் பேசினேன்.

அந்தப் பேச்சுக்குக் கையில் கணக்கு வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் டிஜிட்டல் வெல்பீயிங் என்றொரு பகுதியும், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்ற பகுதியும் உண்டு. எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் போனது, ஒரு நாளில் எத்தனை முறை திரை திறக்கப்பட்டது என்பதை அவை காட்டும். பிள்ளை தூங்கும்போது எடுத்துப் பார்க்காதீர்கள்; அவனே திறந்து காட்டட்டும். அதற்கு முன்பு உங்கள் கைபேசியின் கணக்கை அவனுக்குக் காட்டுங்கள். என் கணக்கைப் பார்த்து மகள் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். அதன்பிறகுதான் அவள் தன்னுடையதைத் திறந்தாள்.

மொத்த நேரத்தைவிட, அந்த நேரம் நாளின் எந்தப் பகுதியில் போகிறது என்பதைக் கவனியுங்கள். நோன்பு மாதத்தில் பெரும்பாலான வீடுகளில் மூன்று இடங்களில்தான் ஓட்டை விழுகிறது: தராவீஹ் முடிந்து வந்த பிறகு, விடியலுக்கு முந்திய சஹர் சாப்பிட்டு ஃபஜ்ர் (வைகறைத் தொழுகை) தொழுத பிறகு, அஸருக்கும் நோன்பு திறக்கும் நேரமான மஃரிபுக்கும் இடையில். மற்ற நேரத்தைப் பள்ளிக்கூடமும் தொழுகையும் தூக்கமும் எடுத்துக்கொள்கின்றன. எனவே முப்பது நாளும் இருபத்துநான்கு மணி நேரமும் காவல் காக்கத் தேவையில்லை. இந்த மூன்று வாசல்களைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பேச்சின் முடிவில் பிள்ளையே ஓர் எல்லையைச் சொல்ல வேண்டும். "ஃபஜ்ரிலிருந்து மஃரிப் வரை இன்ஸ்டாகிராம் இல்லை" என்று மகன் சொன்னான். எனக்கு அது குறைவாகத்தான் பட்டது. ஆனாலும் அவன் வாயால் வந்தது என்பதால் ஏற்றுக்கொண்டேன். அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான செயல் குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவது என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரு நபிமொழித் தொகுப்புகளிலும் உண்டு. முப்பது நாளும் காப்பாற்றப்படும் சிறிய வாக்கு, மூன்றாம் நாளில் முறியும் பெரிய சபதத்தைவிட அந்தப் பிள்ளைக்குத் தன்மீதே நம்பிக்கை தரும்.

இரவைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்றால், இரவை மட்டும் மாற்றுங்கள். காரணம் எளிய கணக்குதான். மார்ச் மாதத் தொடக்கத்தில் எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் ஃபஜ்ர் பாங்கு ஏறத்தாழ 5:15-க்குச் சொல்லப்படுகிறது. நோன்பு திறப்பது 6:20-ஐ ஒட்டி. தராவீஹ் முடிந்து பிள்ளை வீடு வந்து சேர 10 மணி ஆகிவிடும். 10:30-க்குப் படுத்து 4:15-க்கு எழுந்தால் 5 மணி 45 நிமிடத் தூக்கம். பதின்ம வயதினருக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே எதுவும் தவறாத நல்ல நாளிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடன் விழுகிறது. ஃபஜ்ருக்குப் பிறகு ஒரு மணி நேரமும், பள்ளி விட்டு வந்து அரை மணி நேரமும் தூங்கினால் அந்தக் கடன் பெருமளவு அடைபடும். ஆனால் இரவு 1 மணி வரை கைபேசி பார்த்தவனுக்கு மிஞ்சுவது மூன்றேகால் மணி நேரம். அதை எந்தப் பகல் தூக்கமும் ஈடுகட்டாது. மறுநாள் அவன் எரிந்து விழுவதற்கும், வகுப்பில் தலை சாய்வதற்கும், அஸருக்குப் பிறகு எழுந்து ஒரு வேலை செய்ய முடியாமல் மறுபடியும் கைபேசியில் விழுவதற்கும் இதுவே மூலம். பகலில் நாம் காணும் கைபேசிப் பழக்கம் பெரும்பாலும் முந்திய இரவில் முளைத்தது.

இந்த வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப் போகிறது. சிறுவயதில் எட்டரைக்குத் தூங்கியவனுக்கு இப்போது பதினொன்றுக்குத்தான் கண் சொருகும். திரையின் வெளிச்சம் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பதை இன்னும் தாமதப்படுத்துகிறது. ஆகவே "படுத்தால் தூக்கம் வரவில்லை, அதனால்தான் பார்க்கிறேன்" என்று பிள்ளை சொல்வது பொய்யில்லை. அவனுக்குத் தூக்கம் வராததும் உண்மை, வராததற்கு அந்த வெளிச்சம் ஒரு காரணம் என்பதும் உண்மை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல் உடற்கூறாக விளக்கிச் சொன்னால், இந்த வயதுப் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள்.

இரவுக்குச் செய்ய வேண்டியது இரண்டே காரியங்கள். முதலாவது, ஓர் அலாரக் கடிகாரம் வாங்குங்கள். எங்கள் ஊரில் ஒரு காலத்தில் பக்கிர்சாக்கள் தாயிரா மேளம் அடித்துப் பாடிக்கொண்டே தெருத்தெருவாக வந்து சஹருக்கு எழுப்புவார்கள். இப்போது ஒவ்வொருவர் தலையணையின் கீழும் ஒரு கைபேசி அந்த வேலையைச் செய்கிறது. "சஹருக்கு அலாரம் வைக்கணும்" என்பதுதான் கைபேசி படுக்கைக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு. இருநூறு முந்நூறு ரூபாய்க் கடிகாரம் ஒன்று அந்தச் சீட்டைக் கிழித்துவிடும். இரண்டாவது, எல்லாக் கைபேசிகளுக்கும் கூடத்தில் ஒரே சார்ஜர் இடம். எங்கள் வீட்டில் பழைய முறுக்கு டின் ஒன்றின் மூடியில் துளையிட்டு, அதன் வழியே நான்கு ஒயர்களை இறக்கியிருக்கிறோம். தராவீஹ் முடிந்து வந்ததும் 10:15-க்குக் கைபேசிகள் உள்ளே போகும். ஃபஜ்ர் தொழுது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம் வரை வெளியே வராது. என்னுடையதும் அதற்குள்தான். முதல் மூன்று இரவுகள் மகன் புரண்டு புரண்டு படுத்தான். நான்காம் இரவில் நான் விளக்கை அணைக்கப் போனபோது தூங்கியிருந்தான்.

சஹர் சாப்பாட்டின்போதும் திரை வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில் ஒரு காணொளி தொடங்கினால் தண்ணீர் குடிக்கக்கூட மறந்துபோகும். பிறகு ஃபஜ்ர் முடிந்தும் அது தொடரும்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

இந்த நேரம் கடினமானது. உடலில் சக்தி இல்லை, படிக்க மனம் ஓடாது, நேரம் நகராது. "நேரம் போகட்டும்" என்றுதான் பிள்ளைகள் கைபேசியை எடுக்கிறார்கள். இங்கே தடை போட்டால் மட்டும் போதாது; கையில் வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும்.

இதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழைமையான முன்மாதிரி உண்டு. முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா நோன்பைப் பற்றிச் சொல்லும்போது நபித்தோழி ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள், தாங்கள் சிறுபிள்ளைகளையும் நோன்பிருக்கச் செய்ததாகவும், அவர்களுக்குக் கம்பளியில் விளையாட்டுப் பொருட்கள் செய்து வைத்திருந்ததாகவும், பிள்ளை உணவு கேட்டு அழுதால் நோன்பு திறக்கும் நேரம் வரை அதைக் கையில் கொடுத்ததாகவும் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. அந்தத் தாய்மார்கள் பிள்ளை அழட்டும் என்று விட்டுவிடவில்லை. உட்கார்ந்து கம்பளியைத் திரித்துப் பொம்மை செய்தார்கள். நம் வீட்டின் கம்பளிப் பொம்மை எது என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது தூக்குச்சட்டியாக அமைந்தது. பள்ளிவாசலில் அஸருக்குப் பிறகு கஞ்சி ஊற்றுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ரமழானில் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கிவருவதும் இந்தக் கஞ்சிக்காகத்தான். மகனை முதலில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வாங்கிவர அனுப்பினேன். பிறகு, நடக்க முடியாத இரண்டு பெரியவர்களின் வீட்டுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விட்டேன். ஒரு வாரத்தில் அவன் ஜமாஅத்தாரோடு சேர்ந்து, அந்தப் பெரிய சட்டியிலிருந்து கஞ்சியை மொண்டு ஊற்றுபவனாகவே ஆகிவிட்டான். கஞ்சி மொள்ளும் கைக்கு அகப்பை போதும். ஐந்தரை மணிக்கு அவனுடைய கைபேசி வீட்டில்தான் கிடக்கும். நோன்பாளிக்குக் கஞ்சி கொடுக்கும் நன்மை தனக்கும் உண்டு என்பதை அவன் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டான்.

எல்லோருக்கும் கஞ்சிச் சட்டி வாய்க்காது. வடைக்கு அரைப்பது, கடல்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றுவது, சமோசா மடிப்பது, பேரீச்சம்பழத்தைப் பங்கிட்டு வைப்பது, தெருவில் நான்கு வீட்டுக்குத் தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது, மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தம்பி தங்கைக்கு சூராக்களை மனனம் செய்யக் கற்றுக்கொடுப்பது என எதுவாக இருந்தாலும் சரி. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வேலை அவன் இல்லாவிட்டால் நின்றுபோகும் வேலையாக இருக்க வேண்டும். ஒப்புக்குக் கொடுத்த வேலையைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அஸருக்குப் பிறகு பெண்பிள்ளை அடுப்படியில் நிற்கிறாள், ஆண்பிள்ளை கட்டிலில் படுத்துக் கைபேசி பார்க்கிறான். பிறகு, "மகளுக்குப் போன் பழக்கம் இல்லை, மகனுக்குத்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்கிறோம். மகனுக்கு அந்தப் பழக்கத்தை வளர்த்தது நாம் கொடுத்த ஓய்வுதான். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் துணையாக இருந்தார்கள் என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெங்காயம் உரிப்பதும் தட்டு கழுவுவதும் பையனுக்கும் ஆகும். அந்த ஆண்டு முதல் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் நாள் விட்டு நாள் அடுப்படிக்கு வருகிறார்கள். ஓய்வும் அதே கணக்கில் இருவருக்கும் கிடைக்கிறது.

நோன்பு திறக்கும்போது முடிந்தால் சஹனில் உட்காருங்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் அமர்ந்து, எல்லோர் கையும் ஒரே சோற்றில் இருக்கும்போது கைபேசி அங்கே வருவதற்கு வழியே இல்லை.

கைபேசிக்குள் செய்ய வேண்டியவை

தொழில்நுட்பம் இதில் உதவியாளன் மட்டுமே, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஒவ்வொரு செயலிக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைக்கலாம்; உறக்க நேரப் பகுதியில் திரையைக் கருப்பு வெள்ளையாக்கலாம். நிறம் போனதும் ரீல்ஸின் கவர்ச்சி பாதி குறைந்துவிடும். ஐபோனில் டவுன்டைம் என்ற வசதி நாம் குறித்த நேரத்தில் செயலிகளை முடக்கி வைக்கும். யூடியூபில் அடுத்த காணொளி தானாக ஓடுவதை நிறுத்துங்கள். பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, அதைப் பதிவு செய்வதையும் நிறுத்திவிட்டால், முகப்பில் பரிந்துரைகள் வந்து குவிவது நின்றுவிடும். தேடிப் பார்க்க வேண்டியதை மட்டும் பிள்ளை பார்ப்பான். இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதினர் கணக்கென்றால் இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் தாமாகவே அடங்கியிருக்கும். ஆனால் கணக்குத் தொடங்கும்போது பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விளையாட்டுச் செயலிகளை இந்த ஒரு மாதம் நீக்கி வைக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். கணக்கோடு இணைத்திருந்தால் பெருநாளுக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்தே விளையாடலாம் என்று தெரிந்தால் பல பையன்கள் சம்மதிக்கிறார்கள்.

வரம்பைத் திறக்கும் கடவுச்சொல்லைப் பெற்றோர் வைத்துக்கொள்வதா, பிள்ளையே வைத்துக்கொள்வதா என்ற கேள்வி வரும். பதின்மூன்று வயதுக்காரனுக்கு நான் வைத்துக்கொள்வேன். பதினேழு வயதுக்காரிக்கு அவளிடமே விடுவேன். அடுத்த ஆண்டு கல்லூரி விடுதியில் அவளோடு நான் இருக்கப்போவதில்லை.

ஓதுவதற்குக் காகித முஸ்ஹஃப்

குர்ஆன் செயலியைத் திறந்து ஓதத் தொடங்கும் பிள்ளைக்கு நான்காவது வசனத்தில் வாட்ஸ்அப் அறிவிப்பு மேலிருந்து இறங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வருவதற்குள் ஓதும் இடம் தவறிவிடுகிறது. ஆகவே அவன் பெயருக்கென்று அச்சிட்ட முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) ஒன்றை, புதிய ரிப்பன் நாடாவோடு, தொழும் இடத்தருகே ரெஹால் தாங்கியில் வையுங்கள். மதீனா பதிப்பு 604 பக்கங்கள். குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்றான ஜுஸ்வு ஏறத்தாழ 20 பக்கம். ஐந்து நேரத் தொழுகைக்கும் பிறகு நான்கு நான்கு பக்கங்கள் ஓதினால் மாதத்தில் ஹத்தம், அதாவது முழுக் குர்ஆனையும் ஓதுவது, முடிந்துவிடும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையிடம் இதை வற்புறுத்தாதீர்கள். ஃபஜ்ருக்குப் பிறகு நான்கு பக்கம் மட்டும், ஆனால் தமிழ்ப் பொருளோடு என்று அவன் எடுத்துக்கொண்டால் அதுவும் நிறைவானதே.

பொதுத்தேர்வைப் பற்றி ஒரு சொல். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட 10 அல்லது 11 நாட்கள் குறைவு என்பதால் ரமழான் ஆண்டுதோறும் முன்னால் நகர்கிறது; 2025-இல் மார்ச் 2 அன்று நோன்பு தொடங்க, மறுநாளே பிளஸ் டூ தேர்வு தொடங்கியது. பாடக் காணொளிகள் வேண்டும் என்று பிள்ளை கேட்பது நியாயம். அதை வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியிலோ மடிக்கணினியிலோ பார்க்க வையுங்கள். பெரிய திரையில் பாடம் பார்ப்பவன் பாடத்தை முடித்ததும் எழுந்துவிடுகிறான்; கைபேசியில் பார்ப்பவன் அடுத்ததற்குத் தாவுகிறான்.

மாதவிலக்கு நாட்களில் மகள்

இதை யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். மாதவிலக்கு நாட்களில் பெண்பிள்ளைக்கு நோன்பும் தொழுகையும் இல்லை. வீட்டில் எல்லோரும் பள்ளிவாசலுக்கும் முஸல்லாவுக்கும் போய்விட, அவள் மட்டும் ஓர் அறையில், கூச்சத்தோடு, கைபேசியோடு தனித்திருப்பாள். வரம்புகளெல்லாம் அந்த ஆறேழு நாட்களில்தான் உடைகின்றன. அவளிடம் கணக்குக் கேட்காதீர்கள். திக்ரும் (இறைவனை நினைவுகூர்தல்) துஆவும் (வேண்டுதல்) ஸலவாத்தும் (நபிக்கான வாழ்த்து) அவளுக்கு எப்போதும் உண்டு என்று நினைவூட்டுங்கள். கிராஅத்தை (குர்ஆன் ஓதுதலை) ஒலியாகக் கேட்கட்டும். நபிமார்களின் வரலாற்று நூல் ஒன்றைக் கையில் கொடுங்கள். தராவீஹ் நேரத்தில் உம்மாவோ ராத்தாவோ (அக்கா) ஒருநாள் அவளோடு வீட்டில் இருந்து பேசிக்கொண்டிருங்கள். என் மகள் அந்த நாட்களில் பெருநாள் உடைக்குப் பூத்தையல் போடுகிறாள். முன்பு அவளுக்கு அது தெரியாது; என் உம்மாவிடம் கற்றுக்கொண்டாள்.

வளைகுடாவிலிருக்கும் வாப்பாவும், வீட்டிலிருக்கும் நாமும்

நம் ஊர்களில் பல வீடுகளில் வாப்பா துபாயிலோ ரியாதிலோ இருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கும் வீடியோ அழைப்பைத் திரை நேரக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஆனால் அதற்கொரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரமும், சவூதி இரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன. நாம் நோன்பு திறக்கும்போது துபாயில் மாலை ஐந்துகூட ஆகியிருக்காது. அவர் அங்கே பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கும்போது இங்கே எட்டு மணியாகி, பிள்ளைகள் இஷா என்ற இரவுத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். "வாப்பா கூப்பிடுவாங்க" என்று கைபேசி மாலை முழுவதும் கையில் இருப்பது இந்த இடைவெளியில்தான். எங்கள் வீட்டில் மஃரிப் தொழுததும் 7 மணிக்கு நாங்களே அழைக்கிறோம். என் கணவர் அந்த நேரத்தில் அஸர் தொழுது முடித்து அறையில் இருப்பார். என் கைபேசியைப் பாத்திரத்தின்மீது சாய்த்து வைத்துவிட்டுப் பேசுவோம். பேசி முடித்ததும் டின்னுக்குள் போய்விடும்.

இனி நம்முடைய பங்கு. நோன்பு மாதத்தில் பெரியவர்களின் கைபேசி இரட்டிப்பாக ஒலிக்கிறது: பயான் (மார்க்கச் சொற்பொழிவு) காணொளிகள், துஆ அட்டைகள், குடும்பக் குழுவில் நூறு சலாம்கள், கஞ்சிக்கும் வடைக்கும் படம். இவையெல்லாம் மார்க்கம் சார்ந்தவை என்பதால் நமக்கு அது கைபேசிப் பழக்கமாகவே தெரிவதில்லை. பிள்ளையின் கண்ணுக்கு உம்மா கைபேசி பார்க்கிறார் என்பது மட்டுமே தெரியும். பாங்கு சொல்லும்முன் உள்ள அந்தச் சில நிமிடங்கள் துஆ ஏற்கப்படும் நேரம் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? அந்த நேரத்தில் தட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளை எதை எடுத்துக்கொள்வான்?

தவறும் நாட்களில்

தவறுவான். பன்னிரண்டாம் நோன்பு வாக்கில் பெரும்பாலும் தவறும். முதல் வார உற்சாகம் வடிந்து, கடைசிப் பத்தின் வேகம் வராத காலம் அது. அப்போது "உன் நோன்பே கூடாது" என்று சொல்லிவிடாதீர்கள். மார்க்கச் சட்டத்தைக் கோபத்தில் நாமே உருவாக்கிச் சொல்வது பெரிய தவறு. நேரம் போக்கக் காணொளி பார்ப்பது நோன்பை முறிக்கும் செயல்களின் பட்டியலில் இல்லை. பொய்யான பேச்சையும் அதன்படி நடப்பதையும் விடாதவன் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை எதுவுமில்லை என்ற கருத்துடைய நபிமொழி இருக்கிறது. நோன்பின் பயன் எங்கே கசிந்துபோகிறது என்பதை அதிலிருந்து பிள்ளைக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். ஐயம் இருந்தால் பள்ளிவாசல் ஹழ்ரத்திடம் அவனே போய்க் கேட்கட்டும்.

பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டான் என்று தெரிந்தால், தம்பி தங்கை முன்னிலையிலோ உறவினர் காதிலோ விழும்படி பேசாதீர்கள். தனியாக, குரலை உயர்த்தாமல், வாப்பா அல்லது அவன் மதிக்கும் மாமா ஒருவர் பேசட்டும். தவ்பாவின் (பாவமன்னிப்பின்) கதவு இந்த மாதத்தில் அகலத் திறந்திருக்கிறது என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும். வெட்கத்தில் சுருண்டவன் மறுபடியும் அதே திரைக்குள்தான் போய் ஒளிவான்.

தவறிய மறுநாள் எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதே 10:15, அதே டின்.

கடைசிப் பத்தும் பெருநாளும்

கடைசிப் பத்து இரவுகள் வந்தால் நபி (ஸல்) அவர்கள் இடுப்பு ஆடையை இறுகக் கட்டி, இரவை உயிர்ப்பித்து, குடும்பத்தாரையும் எழுப்பிவிடுவார்கள் என்பது ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு. குடும்பத்தாரை எழுப்புவது என்பதில் நமக்கொரு செய்தி இருக்கிறது: பிள்ளையைத் தனியே விழித்திருக்க விடாமல், கூடவே விழித்திருப்பது. ஒற்றைப்படை இரவுகளில் விழித்திருக்கிறோம் என்ற பெயரில் பள்ளிவாசல் மாடியில் நண்பர்களோடு கைபேசி பார்த்து விடியவைக்கும் பிள்ளைகள் உண்டு. அன்று கைபேசி இல்லாமல் அனுப்புங்கள்; முழு இரவும் முடியாவிட்டால் ஒரு மணி நேரம் உங்களோடு தொழுதுவிட்டுத் தூங்கட்டும். பள்ளிவாசலிலேயே தங்கி வணங்கும் இஃதிகாஃப் இருக்க விரும்பும் பையனுக்கு மூன்று நாட்கள் அனுமதி கொடுத்துப் பாருங்கள்.

கிரிக்கெட்டையும் நினைவில் வையுங்கள். 2025-இல் ஐபிஎல் மார்ச் 22 அன்று, சரியாகக் கடைசிப் பத்தில் தொடங்கியது. இரவு ஆட்டம் தொடங்கும் 7:30 மணிக்கும் தராவீஹுக்கும் இடையே பிள்ளையின் மனம் கிழிபட்டது. முழுத் தடை போட்டிருந்தால் தொழுகையிலும் அவன் மனம் ஸ்கோரிலேயே நின்றிருக்கும். காலையில் டின்னைத் திறந்ததும் பத்து நிமிடச் சுருக்கத்தை நான் என் கைபேசியில் அவனோடு சேர்ந்து பார்ப்பது என்று ஒப்புக்கொண்டோம். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. அவன் எனக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டே பார்த்தான்.

பெருநாள் பிறை தெரிந்த இரவில் எல்லாக் கட்டும் ஒரேயடியாக அவிழும். ஒரு மாதம் பசித்தவன்போல அன்று விடிய விடியப் பார்ப்பார்கள். மறுநாள் தொழுகைக்கு எழுப்ப முடியாது. அதனால் அந்த இரவுக்கும் வேலை வையுங்கள்: ஃபித்ரா (பெருநாள் தர்மம்) அரிசியைப் பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது, மருதாணி அரைப்பது, சட்டைக்கு இஸ்திரி போடுவது. பெருநாள் பகலில் அவர்கள் விருப்பப்படி பார்க்கட்டும். நோன்பு திறப்பதைப்போல அதுவும் அவர்களுக்குரியதே.

அடுத்த மாதமான ஷவ்வால் பிறந்து இரண்டு நாள் கழித்து மறுபடியும் உட்கார்ந்து பேசுங்கள். இந்த மாதத்தில் வைத்த பழக்கங்களில் ஒன்றே ஒன்றைத் தொடர்வது என்றால் எதைத் தொடரலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். என் மகள் ஃபஜ்ருக்குப் பிந்திய நான்கு பக்கத்தைச் சொன்னாள். மகன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "டின் அங்கேயே இருக்கட்டும் உம்மா, ஆனா பதினொன்னு மணி" என்றான். பதினொன்று என்று எழுதி மூடியில் ஒட்டினோம்.